பட்டம் தப்பிடுச்சா? லேட்டா நடும் வெங்காயம், பூண்டுக்கு ஒரு வழிகாட்டி!

2024 டிசம்பர் 1, 2 தேதிகளை செங்கம் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. இப்படி ஒரு மழை வந்தால், ஐப்பசியில் நட்ட வெங்காயம் அழுகும். நடாதவர்களுக்கோ, நிலம் காய்வதற்குள் மார்கழி முடிந்துவிடும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். பட்டம் தப்பினால் என்ன செய்வது? ஊரில் அப்பா நிலம் வைத்திருந்தாலும் சரி, சென்னையில் உங்கள் மாடியில் நாலு குரோ பேக் மட்டும் இருந்தாலும் சரி, இது உங்களுக்குத்தான்.

சின்ன வெங்காயம்: தைரியமா நடலாம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சொல்லும் பருவங்கள் இரண்டு: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். ஆனால், காயை நட்டால் 60 முதல் 65 நாளில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர் இது. தை முதல் நாளில் நட்டால் பங்குனி முதல் வாரத்தில் பிடுங்கிவிடலாம். அப்போது மழை பெரும்பாலும் இருக்காது என்பதால், நன்றாகக் காயவைக்க முடியும். மழைக்காலத்தில் பாடாய்ப்படுத்தும் திருகல் நோயும் குறைவாக இருக்கும்.

மாசி தொடங்குவதற்குள் நட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் வெயிலும் இலைப்பேனும் சேர்ந்து காயைச் சிறுக்க வைக்கும். கோடை மழை பிடித்தால் பிடுங்கும் நேரத்தில் அழுகலும் வரும். தையும் தவறிவிட்டதா? சித்திரை-வைகாசிப் பட்டத்துக்குக் காத்திருப்பதே நல்லது.

விதை வெங்காயம் காத்திருக்காது

இங்கேதான் பணம் சிக்குகிறது. ஹெக்டேருக்கு ஒரு டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ விதைக் காய் வேண்டும். கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலே 24,000 ரூபாய்! அறுவடை செய்த காய்க்கு உறக்க காலம் உண்டு. அதனால் ஓரிரு மாதமாவது பட்டறையில் வைத்துத்தான் நடுவார்கள். உறக்கம் முடிந்துவிட்டால், நீங்கள் நட்டாலும் நடாவிட்டாலும் அது முளைக்கும். அதனால் வாரம் ஒரு முறை பட்டறையைக் கிளறிப் பாருங்கள். நிலம் தயாராக இன்னும் ஒரு மாதம் ஆகும், காயோ இப்பவே முளைவிடுது என்றால், நல்ல காயைப் பிரித்து விற்றுவிடுங்கள். பிறகு விதை மூலம் வரும் கோ-5 ரகத்தைப் பாருங்கள். அது வர சுமார் 90 நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய வெங்காயம்: பகல் நேரம்தான் பாஸ்

வெங்காயம் காய் பிடிப்பதைப் பகலின் நீளமும் வெப்பமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. செங்கத்தில் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஜூனில்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. நம் ரகங்கள் குறுகிய பகலுக்குப் பழகியவை. குளிரில் இலைகளை வளர்த்து, வெயில் ஏறும்போது காய் வைக்கும். லேட்டாக நட்டால் இலை சேர்வதற்குள் 'காய் வை' என்ற சிக்னல் வந்துவிடும். விளைவு, குட்டிக் காய்.

ஆன்லைனில் விதை வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள்: 'லாங் டே' என்று போட்ட ரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். ஐரோப்பாவில் சரி, இங்கே தாள் மட்டும்தான் வளரும். வெங்காய விதை ஒரு வருடத்தில் முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்.

பூண்டு: ஆசை வேற, குளிர் வேற

பல் பிரிந்த பூண்டுக்குக் குளிர் கட்டாயம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, சுமார் 2,000 மீட்டர் உயரத்துக் குளிரில் விளைவது. நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் இடமே சுமார் 725 மீட்டர்தான். செங்கம் சமவெளி அதற்கும் கீழே. இங்கே தை மாதத்தில் பூண்டு நட்டால், பல் பிரியாத சிறு குமிழோ வெறும் தாளோதான் கிடைக்கும். நடுவதற்கு முன் பற்களை ஃப்ரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் கொஞ்சம் உதவும். ஆனாலும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். தாளை வெட்டி ஆம்லெட்டில் போடலாம், அதுவும் லாபம்தான்!

லேட்டா நடுபவர்களுக்கு 5 டிப்ஸ்

1. தண்ணீர் தேங்கிய நிலத்தில் அவசரப்பட்டு நடாதீர்கள். மண்ணைக் கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும்.

2. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, இரு பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு காய். குரோ பேக்கிலும் காய்க்குக் காய் அதே 10 சென்டிமீட்டர்.

3. நடும் முன் கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் அடித்தாள் அழுகல் குறையும்.

4. இலையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது இலைப்பேன். நீல ஒட்டுப்பொறி வையுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் தெளியுங்கள்.

5. அறுவடைக்கு 10 நாளுக்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள். தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் உலர்த்துங்கள்.

லேட்டாக நட்டால் மகசூல் கொஞ்சம் குறையலாம். அதைத் தெரிந்துகொண்டு நடுங்கள். எல்லா விதைக் காயையும் ஒரே நாளில் மண்ணில் போடாமல், பாதியை 10 நாள் தள்ளி நட்டுப் பாருங்கள். திடீரென மழை வந்தாலும் மொத்தமும் கையைவிட்டுப் போகாது. இந்த வாரம் ஊருக்கு போன் பண்ணும்போது, 'பட்டறையில காய் முளைச்சிடுச்சா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க!