எண்சுவடிக்கு வேலை போனது எப்படி?

கால்குலேட்டர் வந்துதான் மனக்கணக்கு ஒழிந்தது என்று பலரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் பழைய கணக்கு முறையைப் பொறுத்தவரை ஆண்டுகளே இதற்கு எதிர்சாட்சி. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கால்குலேட்டர் உலகச் சந்தைக்கு வந்ததே 1970களில்தான். திண்ணைப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த வாய்பாட்டு நூலான எண்சுவடிக்கு அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே கடைவீதியில் வேலையில்லாமல் போயிருந்தது. அதைத் தோற்கடித்தது இன்னொரு கணக்குக் கருவி அல்ல. அளவைகள் மாறின, அந்த அளவைகளுக்கென்றே அமைந்த கருவியும் கூடவே போயிற்று.

எண்சுவடியைக் கருவி என்று சொல்வது மிகையல்ல. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று அது பிரிந்திருந்த விதத்திலேயே எந்த வேலைக்கு எந்தப் பகுதி என்பது தெரியும். நெல் அளப்பவருக்கு ஒன்று, நிலம் அளப்பவருக்கு வேறொன்று. பின்னங்களின் அடிப்படை முந்திரி, அதாவது 1/320. பார்த்தால் விசித்திரமான எண்தான். ஆனால் 320ஐ ஐந்தால் வகுக்கலாம். ஆறு முறை பாதியாக்கினாலும் மீதி வராது. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு என்று தானிய அளவை பாதி பாதியாக இறங்குகிறது. தஞ்சைப் பகுதி நிலக்கணக்கிலோ 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒன்றுக்கு 1/8, 1/16 வேண்டும். மற்றதற்கு 1/20 வேண்டும். முந்திரியில் இரண்டுமே முழு எண்ணாக அமைகின்றன: 16 முந்திரி ஒரு மா (1/20), 20 முந்திரி ஒரு மாகாணி (1/16). பக்கத்துக்குப் பன்னிரண்டரைக் கோல் வரும் சதுர வயல் என்றால் நூற்றைம்பத்தாறே கால் குழி. குழிமாற்று மனப்பாடமாக இருந்தவருக்கு வரப்பில் நின்றபடியே விடை வந்துவிடும்: ஒரு மா, ஐம்பத்தாறே கால் குழி. தசமப் புள்ளியே இல்லாமல் இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட வைத்த அமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆங்கிலேயர் காலப் பள்ளிகளே இதை ஒழித்துவிட்டன என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. சிலேட்டும் காகிதமும் வந்தபின் பள்ளிக் கணக்கு வேறு வழியில் போனது. ஆனால் கடைவீதி அப்படிப் போகவில்லை. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணா சரியாக மாகாணி ரூபாய். ஆகவே மாகாணி வாய்பாடு அணாக் கணக்குக்கு அப்படியே பயன்பட்டது. ஆள்பவர் மாறினாலும் பதினாறின் கணக்கு மாறாதவரை பழைய கருவிக்கு வேலை இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானபோது ஓர் அணாவின் மதிப்பு ஆறே கால் பைசா. மாகாணி வாய்பாட்டில் கிடைத்த விடை நாணயமாக எண்ணித்தர முடியாத ஒன்றாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் கிலோவும் படிப்படியாகக் கடைக்கு வந்தது. லிட்டரும் மீட்டரும் தொடர்ந்தன. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் நிலைத்ததென்றால், அவை 25, 50 என்று புதிய கணக்கிலும் முழுசாகப் பொருந்தியதே காரணம்.

இன்னொரு மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. எண்சுவடி வெறும் உருப்போடுதல், அதுவும் எல்லோருக்கும் எட்டியதில்லை என்கிறார்கள். உருப்போடுதல் என்பதை நான் ஏற்கவில்லை. நினைவாற்றலையே ஒரு கற்றல் முறையாக இப்பள்ளிகள் வளர்த்தன என்று கணித வரலாற்றாளர் செந்தில் பாபு விரிவாக எழுதியிருக்கிறார். பொருள் புரியாதவனால் வயலில் நின்று குழியை மாவாக்க முடியாது. இரண்டாவது குற்றச்சாட்டு முழுக்க உண்மை. கூலியை மரக்காலில் வாங்கியவருக்கு அளந்து போட்டவரின் கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. நூறில் ஓடும் எளிய கணக்கு அந்த வழியைத் திறந்தது. இழப்பைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி என்ற கேள்விதான் இன்று கால்குலேட்டர் வாங்கப் போகிறவர் முன்னாலும் இருக்கிறது. விசைகள் அதிகமாக இருப்பதே மேல் என்று சயின்டிஃபிக் கால்குலேட்டரை வாங்கிக் கடையில் வைத்தால், சைன், காஸ் விசைகள் தொடப்படாமலே கிடக்கும். கடைக்காரருக்குத் தேவை 12 இலக்கம், பெரிய விசைகள், இரட்டைப் பூஜ்ஜியம், போட்ட தொகைகளைத் திரும்பிப் பார்க்கும் வசதி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபின் வரி விகிதங்களுக்கென்றே தனி விசைகள் கொண்ட கால்குலேட்டர்கள் விற்பனைக்கு வந்தன. விகிதங்கள் மாறும்போது அவற்றைத் திருத்திக்கொள்ள முடிகிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. பொறியியல் மாணவருக்கு அந்த வரி விசைகளால் பயனில்லை. அவருக்கு வேண்டியது சைனும் காஸும்தான்.