அவலாஞ்சி மீனும் நம் வாய்க்கால் தண்ணீரும்



அரியமங்கலத்தில் காலை நடையின்போது உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் சற்று நிற்பேன். நீலகிரி அவலாஞ்சி ஓடைத் தண்ணீர் குந்தா, பவானி, காவிரி வழியாக இறங்கி வருகிறது. இதிலும் அதில் கொஞ்சம் இருக்கும்.

அந்த ஓடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மருத்துவர் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். டிரவுட், சால்மனுக்குப் பங்காளி. குளிர்ந்த தண்ணீரில்தான் வாழும். பிறகு எச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது.

குளிர் ஏன் வேண்டும்? 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8 தான். சூட்டில் மீனின் உடலோ அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைய, செலவு கூடும். கூழாங்கல் இடுக்கில் கிடக்கும் முட்டையும் குஞ்சும் முதலில் அடிபடும்.

அமெரிக்க மேற்குக் கரையில் ஆறு சூடானால் இளம் சால்மன்கள் ஊற்று கலக்கும் குளிர்ந்த மடுக்களில் ஒதுங்குகின்றன. அங்கே நிழலுக்காகக் கரையில் மரம் நடுகிறார்கள். நீலகிரியில் குளிரைத் தேடி ஏறினால், மலையே முடிந்துவிடும்.

"வெளிநாட்டு மீன்தானே சார், போனால் என்ன?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: தம்பி, அந்த மீன் ஒரு வெப்பமானி. ஓடையைக் குளிர வைப்பதும், கோடையில் வற்றாமல் காப்பதும் அதே சோலைக்காடும் புல்வெளியும்தான். அவை போனால் மீனோடு நிற்காது. நம் வாய்க்காலுக்கும் வரும்.