தொண்டர் படை: கெடா தோட்டங்களில் கள்ளுக்கு எதிராக எழுந்த இயக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடா ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட சீர்திருத்த இயக்கமே தொண்டர் படை. பீடோங் அருகே உள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்ட இதற்கு ஏ.எம்.சாமி தலைமை தாங்கினார்.

பின்னணி

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை உரிமத்துடன் நடந்தது. பால்வெட்டிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு அங்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் அரிசி குறைந்தது; அடியும் சண்டையும் மிஞ்சின.

ஜப்பானியர் ஆட்சி (1941–1945) இந்த வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. தோட்டத் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதையில் மாண்டனர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணி படையிலும் பலர் சேர்ந்தனர். துரைக்கும் கிராணிக்கும் கைகட்டி நின்றவர்கள் அங்கே அணிவகுத்து நிமிர்ந்து நின்றார்கள். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியபோது லயத்தில் இருந்தவர்கள் பழைய ஆட்களாக இல்லை.

செயல்பாடுகள்

தொண்டர்கள் படைப் பயிற்சி எடுத்தனர். கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். குடித்துவிட்டு வருவோரைத் தண்டிக்கவும் செய்தனர். அதனால் அவர்கள் மீது மனக்குறையும் எழுந்தது. இயக்கம் வளர வளர, கள் பிரச்சினையோடு கூலி உயர்வும் மரியாதையும் தொழிற்சங்கக் கோரிக்கைகளாயின. நிர்வாகத்தை அதிகம் கலங்கவைத்தது இந்த இணைப்புதான்.

மோதலும் முடிவும்

1947 தொடக்கத்தில் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் போலீசாருடன் மோதல் வெடித்தது. தொழிலாளர் உயிரிழப்பும் ஏற்பட்டது, பலர் கைதாயினர். அதே ஆண்டு டப்ளின் தோட்டத்தில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், இத்தகைய அமைப்புகள் இயங்கவே இடமில்லாமல் போயிற்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பேச்சுவார்த்தை வழியே கூலி கேட்கும் முறை வலுப்பெற்றது.

இன்றைய பொருத்தம்

சாராயமும் மலிவு மதுவும் இன்றும் குடும்பங்களைக் குலைக்கின்றன. சுங்கைப் பட்டாணி போன்ற ஊர்களுக்குத் தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது: வெளியிலிருந்து யாரும் வந்து திருத்தவில்லை, லயத்து மக்களே கூடி எழுந்தார்கள். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள்.