எதிர்ப்பொருள்: அமைப்பும் செல் தேர்வும்

எதிர்ப்பொருள் என்பது முதுகெலும்பிகளின் இரத்தத்திலும் பிற உடல்நீர்களிலும் காணப்படும் ஒரு புரதம். ஆன்டிபாடி, இம்யூனோகுளோபுலின் என்றும் இது அழைக்கப்படும். உடலுக்குள் நுழையும் கிருமி அல்லது நச்சின் மேற்பரப்பில் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றிக்கொள்வதே இதன் வேலை. எதிர்ப்பொருள் உண்டாகத் தூண்டும் பொருள் ஆன்டிஜென் எனப்படும். எதிர்ப்பொருளைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள். இவை வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்கள் முதிர்ந்து உருவாகின்றன. டெட்டனஸ் நச்சு செலுத்தப்பட்ட விலங்கின் சீரம் இன்னொரு விலங்கைக் காக்கும் என்பதை 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் கிடசாட்டோ ஷிபாசபுரோவும் காட்டினர். ஆனால் அந்தச் சீரத்தில் இருந்த பொருளின் உருவம் தெரியவர மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

அமைப்பை அறிய முதலில் அதை வெட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பபாயின் நொதியைக் கொண்டு முயலின் எதிர்ப்பொருளைத் துண்டாக்கினார் லண்டனில் பணியாற்றிய ராட்னி போர்ட்டர். 1959இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு துண்டுகள் ஆன்டிஜெனைப் பற்றின. மூன்றாவது பற்றவில்லை, ஆனால் எளிதில் படிகமாயிற்று. முன்னவை ஃபேப் எனப்படும் கைகள், பின்னது எஃப்சி எனப்படும் அடித்தண்டு. அதே காலத்தில் நியூயார்க்கில் ஜெரால்டு எடெல்மன் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்து, இப்புரதம் தனித்தனிச் சங்கிலிகளால் ஆனது என்று காட்டினார். 1972ஆம் ஆண்டு நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. வெட்டும் இந்த வித்தை இன்று உயிர்காக்கவும் பயன்படுகிறது: பாம்புக்கடிக்கு இந்தியாவில் தரப்படும் நஞ்சுமுறி மருந்து, குதிரையின் எதிர்ப்பொருளைப் பெப்சின் நொதியால் வெட்டி, ஒவ்வாமைக்கு இடம்தரும் அடித்தண்டை நீக்கி, பற்றும் கைகள் இரண்டையும் சேர்த்து எடுப்பது.

முழு மூலக்கூறு கவட்டைக் கம்பின் வடிவம் கொண்டது. இரண்டு கனச் சங்கிலிகள், இரண்டு இலேசுச் சங்கிலிகள். மொத்த எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன். கைகள் பிரியும் இடத்தில் வளைந்து கொடுக்கும் கீல்பகுதி உண்டு. அதனால் இரு கைகளும் வெவ்வேறு இடைவெளியில் உள்ள இலக்குகளைப் பற்ற முடிகிறது. ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் சுமார் 110 அமினோ அமிலங்கள் கொண்ட மாறும் பகுதி உள்ளது. எஞ்சியது மாறாப் பகுதி. மாறும் பகுதி முழுவதும் ஒரே அளவில் மாறுவதில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று சிறு வளையங்களே மிகுதியாக வேறுபடுகின்றன. கனச் சங்கிலியின் மூன்றும் இலேசுச் சங்கிலியின் மூன்றும் கூடி, ஆன்டிஜெனைத் தொடும் பரப்பாகின்றன. எந்த இலக்கைப் பற்றுவது என்பதை நுனி முடிவு செய்கிறது. பற்றிய பின் என்ன செய்வது என்பதை அடித்தண்டு முடிவு செய்கிறது.

அடித்தண்டின் வேறுபாட்டால் ஐந்து வகுப்புகள் உண்டாகின்றன. இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஐஜிஜி நச்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைகிறது. ஐஜிஏ தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் சுரக்கிறது. முதலில் தோன்றும் ஐஜிஎம் ஐந்து அலகுகள் சேர்ந்தது. பத்து பற்றிடங்கள் கொண்டது. ஐஜிஇ ஒவ்வாமையோடு தொடர்புடையது. ஐஜிடி பெரும்பாலும் பி செல்லின் மேற்பரப்பில் ஏற்பியாக நிற்கிறது.

இயற்கையில் இல்லாத, ஆய்வகத்தில் செய்த வேதிப்பொருள்களுக்கும் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் என்று கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் காட்டியிருந்தார். இதற்குமுன் பார்த்திராத பொருளுக்கு அளவெடுத்தாற்போல் புரதம் எங்கிருந்து வருகிறது? ஆன்டிஜெனே அச்சாக நின்று புரதத்தை மடிக்கிறது என்று 1940இல் லைனஸ் பாலிங் விளக்கினார். கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் தவறானது. ஆன்டிஜென் வருமுன்பே எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன, அது தேர்ந்தெடுக்க மட்டுமே செய்கிறது என்று 1955இல் நீல்ஸ் யெர்னே முன்மொழிந்தார். தேர்வு நடப்பது செல்களிடையே என்று 1957இல் மெல்போர்னில் ஃபிராங்க் மெக்ஃபர்லேன் பர்னெட்டும் அமெரிக்காவில் டேவிட் டால்மேஜும் தனித்தனியே கூறினர். ஒரு பி செல் ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கும். பொருந்தும் ஆன்டிஜென் வந்ததும் அச்செல் பெருகி ஒரு குலமாகும். இதுவே குலத்தேர்வுக் கோட்பாடு.

இதற்கு 1958இல் கஸ்டவ் நோசலும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் தந்த சான்று இன்றும் வியக்கவைக்கும் எளிமை உடையது. எலிகளுக்கு இரண்டு வகை சால்மோனெல்லா ஆன்டிஜென்களைச் செலுத்தி, நிணநீர்க் கணுச் செல்களைத் தனித்தனித் துளிகளில் இட்டனர். ஒவ்வொரு துளியிலும் நீந்தும் பாக்டீரியாக்களைச் சேர்த்து நுண்ணோக்கியில் கவனித்தனர். சில துளிகளில் ஒரு வகை நின்றுபோனது, சிலவற்றில் மற்றது. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றுகூட இல்லை.

இத்தனை வகை எதிர்ப்பொருள்களுக்கு மரபணு போதுமா என்ற கேள்விக்கு 1976இல் பாசல் நகரில் சுசுமு டோனேகாவா விடை கண்டார். எலிக் கருவில் தள்ளித்தள்ளி இருக்கும் டிஎன்ஏ துண்டுகள், எதிர்ப்பொருள் செய்யும் செல்லில் அருகருகே வந்திருந்தன. மனிதக் கனச் சங்கிலியின் மாறும் பகுதிக்கு வி, டி, ஜே என மூவகை டிஎன்ஏ துண்டுகள் உண்டு: ஏறத்தாழ 40 வி துண்டுகள், 23 டி துண்டுகள், 6 ஜே துண்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று சேர்ந்தாலே 5,520 சேர்க்கைகள். இணையும் இடத்தில் டிஎன்ஏ எழுத்துகள் கூடியும் குறைந்தும் போவதாலும், இலேசுச் சங்கிலியோடு ஜோடி சேர்வதாலும் எண்ணிக்கை பல கோடிகளைத் தாண்டுகிறது.

தற்செயலாக உருவாவதால் சில ஏற்பிகள் சொந்த உடலையே பற்றும். எலும்பு மஜ்ஜையில் அத்தகைய பி செல் தன் இலேசுச் சங்கிலியை மாற்றிப் பார்க்கிறது. திருந்தாவிட்டால் பெரும்பாலும் அழிகிறது. வெள்ளணுக்களில் இன்னொரு வகையான டி செல்களுக்குத் தைமஸ் சுரப்பியில் இன்னும் கடுமையான சோதனை. செல்களின் மேற்பரப்பில் நிற்கும் உடலின் சொந்த எம்எச்சி மூலக்கூறுகளை அறவே அறியாதவை சாகின்றன. சொந்தப் புரதங்களை இறுகப் பற்றுபவையும் பெரும்பாலும் சாகின்றன. வெளியேறுவது மிகச் சிறு பங்கே. இந்த வடிகட்டல் தவறும்போது தன்னுடல் தாக்குநோய்களுக்கு வழி திறக்கிறது.

தேர்வு அங்கே முடிவதில்லை. தொற்று ஏற்பட்டபின் நிணநீர்க் கணுக்களின் முளைமையங்களில் பி செல்கள் பெருகும்போது, ஏஐடி என்னும் நொதி மாறும் பகுதியின் மரபணுவில் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்குகிறது. பெரும்பாலான மாற்றங்களால் பயனில்லை. இறுக்கமாகப் பற்றும் சிலவே உதவி டி செல்களின் துணையைப் பெற்றுப் பிழைக்கின்றன. சுற்றுக்குச் சுற்று பற்றுதிறன் கூடுகிறது. பிழைத்தவற்றுள் சில நினைவுச் செல்களாகத் தங்குகின்றன. தடுப்பூசியின் அடுத்த தவணைக்கு உடல் விரைவாகவும் வலுவாகவும் பதில் தருவது இவற்றால்தான்.

ஒரு குலத்தை மட்டும் பிரித்து வளர்க்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டனர். எதிர்ப்பொருள் செய்யும் எலிச் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்து, சாகாமல் பெருகும் கலப்புச்செல்லை உருவாக்கினர். மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் எச்சிஜி ஹார்மோனைப் பற்றிக் கோடு காட்டுவது இம்முறையில் பெற்ற எதிர்ப்பொருளே.