இறாலைப் போட்டு விராலைப் பிடி

இறாலை: சென்னை மீன் கடைகளில் இது ‘எறா’, யாழ்ப்பாணத்தில் ‘றால்’. பழைய நூல்களில் இறவு, இறா. தேன்கூட்டுக்கும் இறால் என்றே பெயர் உண்டு. இங்கே அந்தப் பொருள் ஆகாது, விரால் தேன் குடிக்காது. கடல் இறாலும் ஆகாது. விரால் ஏரியிலும் கண்மாயிலும் கிடக்கிற நன்னீர் மீன். ஆகவே இது குளத்துப் பொடி இறால். பழமொழி பிறந்ததும் குளக்கரையில்தான் என்று கொள்ளலாம். ‘சுறாவைப் பிடி’ என்று சிலர் மாற்றிச் சொல்கிறார்கள். றாவுக்கு றா வந்து எதுகை நேராகிறது, தூண்டில்தான் கோணிப்போகிறது.

போட்டு: வினையெச்சம். செலவுக் கணக்கு முழுவதும் இந்தச் சொல்லில் இருக்கிறது. விரால் பாசிக்குள் பதுங்கி, அசைவதைப் பாய்ந்து கவ்வும் மீன். அதற்கு இரை துடிக்க வேண்டும். செத்துக் கிடப்பதைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

விராலை: ஏட்டில் வரால். முள் குறைவு என்பதால் பிள்ளைகளுக்கும் நோயில் எழுந்தவர்களுக்கும் தேடி வாங்குவார்கள்.

பிடி: ஏவல். ஆனால் இந்த ஏவலை அப்படியே சொல்லி யாருக்கும் புத்தி சொல்லி நான் கேட்டதில்லை. “அவன் இறாலைப் போட்டு விராலைப் பிடிக்கப் பாக்குறான்” என்று படர்க்கையில், அதுவும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறோம். பொங்கலுக்குக் கரும்புக்கட்டோடு வந்து நிற்கிற தூரத்துச் சொந்தக்காரர், அடுத்த வாரம் ஜாமீன் கையெழுத்துக் கேட்பார் அல்லவா, அவருக்கு.

இனி உரை இடறும் இடம். இறால் மலிவு, விரால் அருமை என்றால்தான் பழமொழி நிற்கும். 1950களில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது. இன்று இந்தியக் கடலுணவு ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் இறாலுடையது. 2009இல் அனுமதி பெற்று வந்த பசிபிக் கரை இனமான வனாமி, இங்கே கடலோரப் பண்ணைக் குட்டைகளை நிறைத்துவிட்டது. அந்தக் குட்டைகளில் வீசுகிற தீவனத்தில் ஒரு முக்கியச் சரக்கு, பொடிமீன்களைக் காய்ச்சி அரைத்த மீன்தூள். மீனைப் போட்டு இறாலைப் பிடிக்கிறார்கள்.