துலிப் ஏடுகள்

துலிப் ஏடுகள்: 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் துலிப் மலர்களை ரகவாரியாக வரைந்து தொகுத்த நீர்வண்ண ஓவியத் தொகுப்புகள். தாளிலோ பதனிட்ட தோலிலோ, பக்கத்துக்கு ஒன்றிரண்டு மலர்கள், பெரும்பாலும் பின்னணியின்றி வரையப்பட்டன. தெளிவான நீர்வண்ணத்தோடு ஒளிபுகாத குவாஷ் வண்ணமும் பயன்பட்டது.

துலிப் சில வாரங்களே பூக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே விலை பேசப்பட்டது. வாங்குவோருக்குப் பூவைக் காட்டியவை இந்த ஓவியங்களே. 1637 பிப்ரவரியில் துலிப் சந்தை சரிந்தது. அதே ஆண்டைச் சேர்ந்த, பி. காஸ் என்பவரின் ஏட்டில், ரகத்தின் பெயரோடு கிழங்கின் எடையும் விலையும் குறிக்கப்பட்டுள்ளன. எடை அலகு ‘ஆஸ்’, ஏறத்தாழ 0.05 கிராம்.

மிகுதியும் விரும்பப்பட்டவை தீக்கொழுந்து போன்ற கோடுகள் ஓடிய இதழ்கள். வெண்ணிதழில் செங்கோடுகள் படர்ந்த ‘செம்பர் அகஸ்டஸ்’ அவற்றுள் புகழ்பெற்றது. அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வைரஸே இக்கோடுகளுக்குக் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. அந்நோய் கிழங்கை நலிவடையச் செய்ததால் பல ரகங்கள் அழிந்தன. அவற்றின் உருவம் இவ்வேடுகளில் எஞ்சியுள்ளது.

யாக்கோப் மாரெல், ஜூடித் லெய்ஸ்டர் ஆகியோர் இவ்வகையில் குறிப்பிடத்தக்க ஓவியர்கள். லெய்ஸ்டர் 1643இல் வரைந்த துலிப் ஹார்லெம் நகரின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.