எடிர்னே: வழிப்போக்கரின் நகரம்

உஸ்மானியர் வரலாற்றை வாசிக்கும் நம்மில் பலர் புர்ஸாவிலிருந்து நேரே இஸ்தான்புலுக்குத் தாவிவிடுகிறோம். இரண்டுக்கும் இடையே இன்னொரு தலைநகரம் இருந்தது. ரோமப் பேரரசர் ஹத்ரியனின் பெயரால் ஹத்ரியனோபொலிஸ் என வழங்கிய அந்நகரம் 1360-களில் உஸ்மானியர் வசமாயிற்று. 1453-இல் கான்ஸ்தாந்திநோபிள் வெற்றிகொள்ளப்படும்வரை சுல்தான்களின் இருக்கையாகத் திகழ்ந்தது. அதுவே இன்றைய எடிர்னே. மெரிச், துன்ஜா, அர்தா என்னும் மூன்று ஆறுகள் ஒன்றுகூடும் இடத்தில், துருக்கியின் மேற்கு விளிம்பில் அது அமைந்துள்ளது. கிரேக்க எல்லை அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். பல்கேரிய எல்லை இருபது கிலோமீட்டருக்குள்.

இவ்வூரைத் தேடி வருவோருள் இன்று மிதிவண்டிப் பயணிகளும் உளர். நார்வேயின் வடகோடியிலிருந்து பல்கேரியாவின் கருங்கடற்கரை வரை ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டர் நீளும் ‘யூரோவெலோ 13’ என்ற மிதிவண்டித் தடம் இம்மூன்று நாட்டு எல்லைப் பகுதியையும் தொட்டுச் செல்கிறது. பனிப்போர்க் காலத்து ‘இரும்புத் திரை’யை நினைவூட்டவே அத்தடம் வகுக்கப்பட்டது. ஆனால் எடிர்னேயில் சக்கரம் உருளும் பாதைகள் அந்தத் திரைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. அவற்றை அமைத்தவர்கள் மனத்திற்கொண்டது எல்லையை அன்று, வழிப்போக்கரை. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் ஒருவராகத் திருமறை குறிப்பிடும் ‘இப்னுஸ் ஸபீல்’ அவரே. அவருக்காக எழுந்த வக்ஃபுகளின் வரலாற்றை, காரின் வேகத்தில் அன்றி மிதிவண்டியின் வேகத்தில் படிப்பதே பொருத்தம் என நாம் கருதுகிறோம்.

பாலங்களின் வளையம்

முதற் பாதை குறுகியது. பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டாம் ஸலீமுக்காக மிஃமார் சினான் எழுப்பிய ஸலீமிய்யா பள்ளிவாசலில் தொடங்கலாம். அதன் குவிமாடம் 31 மீட்டருக்கு மேல் விட்டமுடையது. நான்கு மினாராக்களும் எழுபது மீட்டர் உயரம் கொண்டவை. சமவெளியில் எத்திசையிலிருந்து வருபவருக்கும் அவையே வழிகாட்டி. 2011-இல் இவ்வளாகம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அங்கிருந்து துன்ஜாக் கரைக்கு இறங்கினால் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். 1420-இல் காஸி மிஹால் பாலம். 1451-இல் ஷிஹாபுத்தீன் பாஷாவின் ஸராச்ஹானே பாலம். 1452-இல் ஃபாத்திஹ் பாலம். 1488-இல் பாயஸீத் பாலம். சுலைமான் கானூனியின் காலத்தில் இன்னொன்று. ஒரு சிற்றாற்றின் மீது இத்தனை கற்பாலங்கள் ஏன் என்ற வினா எழுவது இயல்பு. வெள்ளப்பெருக்கில் மெரிச்சும் துன்ஜாவும் கரைகடந்து ஊரைத் தீவாக்கிவிடும். அன்று பாலம் இல்லையேல் சந்தை இல்லை, மருத்துவம் இல்லை, படை நகர்வும் இல்லை. 2015 பிப்ரவரி வெள்ளத்திலும் இந்நகரம் அதனை நேரில் கண்டது.

மேல்கரையில் ஸராய்இச்சி என்னும் ஆற்றுத் தீவும் அதனையொட்டி உஸ்மானிய அரண்மனையின் இடிபாடுகளும் உள்ளன. இரண்டாம் முராத் தொடங்கி ஃபாத்திஹ் நிறைவேற்றிய அவ்வரண்மனை, 1878-இல் ரஷ்யப் படை நெருங்கியபோது அங்கிருந்த வெடிமருந்துக் கிடங்கைத் தற்காப்போரே கொளுத்தியதால் அழிந்தது. 1913 மார்ச்சில், ஏறத்தாழ ஐந்து மாத முற்றுகைக்குப்பின் பல்கேரியப் படையிடம் நகரம் வீழ்ந்தபோது, சிறைப்பட்ட வீரர்கள் இதே தீவில் அடைக்கப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில் உஸ்மானியர் நகரை மீட்டனர். எடிர்னேயின் துயரம் அன்று நம் நாட்டு முஸ்லிம்களையும் உலுக்கிற்று. டாக்டர் அன்ஸாரி தலைமையில் இந்திய மருத்துவக் குழுவொன்று 1912-இன் இறுதியில் துருக்கிக்குப் புறப்பட்டது அந்தப் பால்கன் போரின்போதுதான்.

ஆற்றோடு கீழே வந்தால் இரண்டாம் பாயஸீத் 1484 முதல் 1488 வரை கட்டிய வளாகம். பள்ளிவாசல், மருத்துவ மத்ரஸா, அன்னசாலை, விருந்தினர் விடுதி, மருத்துவமனை ஆகிய அனைத்தும் ஒரே வக்ஃபின் கீழ் அமைந்தவை. மனநோயாளிகளுக்கு இசையால் ஆறுதல் அளிக்கப்பட்டதையும், பத்து இசைவாணர் வாரத்தில் மூன்று நாள் வந்து வாசித்ததையும் 17-ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி பதிவுசெய்துள்ளார். இன்று அது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம். 2004-இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியகப் பரிசைப் பெற்றது.

ஒரு நாள் தொலைவு

இரண்டாவது பாதை பேரரசின் நடுவழி. இஸ்தான்புலிலிருந்து பெல்கிரேடு வரை படைகளும் வணிகரும் தூதரும் சென்ற சாலை அது. எடிர்னேக்குக் கிழக்கே ஹவ்ஸா, பாபாஎஸ்கி, லூலேபுர்காஸ் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். இது தற்செயலன்று, சுமை விலங்குகளோடு ஒரு பகலில் கடக்கக்கூடிய தொலைவு அது. லூலேபுர்காஸில் ஸொகொல்லு முஹம்மது பாஷா தம் பெயரிலும், ஹவ்ஸாவில் தம் மகன் காஸிம் பாஷாவின் பெயரிலும் சினானைக் கொண்டு வளாகங்கள் எழுப்பினார். பயணி இறங்கும் இடத்தில் தொழவும் குளிக்கவும் உண்ணவும் உறங்கவும் வசதி இருந்தது. இன்று இச்சாலையில் சரக்கு வண்டிகள் மிகுதி. ஆகவே பக்கத்துக் கிராமச் சாலைகளே உகந்தவை. கோடையில் இருமருங்கும் சூரியகாந்தி பூத்திருக்கும். மலையில்லை, ஆனால் ஏறி இறங்கும் மேடுகளும் வடகாற்றும் காலைச் சோதிக்கும். வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்ற பருவங்கள்.

மேற்கே அதே சாலை எல்லை கடந்து பல்கேரியாவின் ஸ்விலென்கிராட் நகரை அடைகிறது. அவ்வூரின் பழைய பெயர் ‘ஜிஸ்ரி முஸ்தஃபா பாஷா’, அதாவது முஸ்தஃபா பாஷாவின் பாலம். 1529-இல் மெரிச்சின் மீது எழுந்த, 295 மீட்டர் நீளமான அப்பாலம் சினானின் தொடக்ககாலப் படைப்பென்று கூறப்படுகிறது. பாலத்தைக் கட்டியபின்னரே ஊர் வளர்ந்தது. எடிர்னேக்குத் தெற்கே, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் உள்ள உஸுன்கொப்ருவின் கதையும் இதுவே. ‘நீண்ட பாலம்’ என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். இரண்டாம் முராதின் காலத்தில் எர்கெனே ஆற்றின் சதுப்பைக் கடக்க 174 வளைவுகளுடன் கட்டப்பட்ட அது 1,300 மீட்டருக்கும் மேல் நீளமுடையது.

கராஆச் சாலை

மூன்றாவது பாதையே நம் உள்ளத்தைக் கனக்கச் செய்வது. 1615-இல் முடிந்த துன்ஜாப் பாலத்தைக் கடந்து, சுல்தான் அப்துல் மஜீதின் காலத்தில் 1847-இல் நிறைவுற்ற மெரிச் பாலத்தில் ஏறினால், மரநிழல் படர்ந்த சாலை கராஆச் என்னும் பகுதிக்கு அழைத்துச் செல்கிறது. மெரிச்சின் மேற்குக் கரையில் துருக்கிக்குரிய நிலம் இதுவொன்றே. 1923 ஜூலையில் கையெழுத்தான லொஸான் உடன்படிக்கை ஆற்றையே எல்லையாக்கியது; கராஆச்சை மட்டும் போர் இழப்பீடாகத் துருக்கிக்கு அளித்தது. கட்டடக்கலைஞர் கமாலுத்தீன் பே வடிவமைத்த பழைய இரயில் நிலையம் இங்கு உள்ளது. இன்று அது பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு. புதிய எல்லை இருப்புப்பாதையைத் துண்டாடியதால், இஸ்தான்புலிலிருந்து எடிர்னே வரும் இரயில் 1971 வரை கிரேக்க மண்ணைக் கடந்தே வந்தது.

பஸார்குலே சாவடியைத் தாண்டி கிரேக்கத்தின் கஸ்தானியேஸ் வழியே தெற்கே சென்றால் ஒரெஸ்தியாதா என்ற நேர்த்தியான சிறுநகரம் வரும். கராஆச்சை விட்டு வெளியேறிய கிரேக்கர்கள் 1923-இல் அமைத்த ஊர் அது. மிதிவண்டியில் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் இத்தொலைவை, அவர்கள் திரும்ப முடியாது என்ற அறிவோடு கடந்தனர். அவர்களுக்குப் பத்தாண்டு முன்னர், பால்கன் போரில் வீடிழந்த முஸ்லிம்கள் எதிர்த்திசையில் இதே ஆறுகளைக் கடந்து வந்தனர். இரு சாராரின் கண்ணீரையும் ஒருசேர நினைப்பதே நீதி.

இன்னும் தெற்கே திமெதொக்கா. இரண்டாம் பாயஸீத் பிறந்த ஊர், 1512-இல் அரியணை இழந்து அவர் திரும்பிக்கொண்டிருந்ததும் இவ்வூருக்கே, வழியிலேயே காலமானார். 1420-ஐச் சேர்ந்த அதன் பள்ளிவாசலின் அரிய மரக்கூரை 2017 மார்ச்சில் தீக்கிரையாயிற்று.

இப்பாதையில் செல்பவர் இன்னொன்றையும் காண்பார். 2012-இல் கஸ்தானியேஸ் அருகே எழுந்த முள்வேலி பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2020 பிப்ரவரி இறுதியில் ஆயிரக்கணக்கான அகதிகள் பஸார்குலேயில் குவிந்து தடுத்து நிறுத்தப்பட்டனர். மெரிச்சைக் கடக்க முயன்று மூழ்கியோர், குளிரில் உறைந்தோர் பலர். கிரேக்கத் திரேஸின் ஸிதிரோ என்னும் முஸ்லிம் சிற்றூரில், பெயர் தெரியாத அவர்களுள் பலருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்துள்ளனர். அந்த அடக்கத்தலத்திற்கு எல்லையில்லை.

நம்மவர் இப்பாதைகளில் செல்ல விரும்பினால் துருக்கி விசாவோடு ஷெங்கன் விசாவும் வேண்டும். 2025 ஜனவரி முதல் பல்கேரியத் தரை எல்லைக்கும் அதுவே விதி. தாள்களைச் சரிபார்த்து முத்திரையிட்டதும் சாவடியின் தடைக்கம்பு உயரும். மிதிவண்டி உருண்டு கடக்கும். ஆனால் அந்தப் பாலங்களைக் கட்டியோர் வக்ஃபு எழுதியபோது வழிப்போக்கரிடம் தாள் கேட்கவில்லை. அவர் வழியில் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. கற்கள் இன்றும் அந்த வாக்கைச் சுமந்து நிற்கின்றன. கடப்பவர் அதை நினைவிற்கொள்ள வேண்டும்.